காய்ச்சலுக்கு எந்த ரத்தப் பரிசோதனை? சிபிசி, டெங்கு கார்டு, சிஆர்பி, பிசிஆர்: ஓர் ஒப்பீடு

மழை விட்டுப் பத்து நாள் ஆனதும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து லேப்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "காய்ச்சல் மூணு நாளா இருக்குங்க. டாக்டர் சிபிசி மட்டும் எழுதியிருக்கார். டெங்கு கார்டும் சேர்த்துப் போட்டுடலாமா? இல்ல, ஃபீவர் பேனல் மொத்தமா எடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சுடுமா?" சிபிசி ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, டெங்கு கார்டு சீக்கிரம் முடியும் டெங்கு பரிசோதனை, ஃபீவர் பேனல் பல பரிசோதனைகளைச் சேர்த்த தொகுப்பு. எனக்கு எழுதிக் கேட்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பாலக்கோட்டு அம்மா கேட்டாலும் சரி, ஓசூரில் அறை எடுத்துத் தங்கிக் கம்பெனிக்குப் போகும் பையன் கேட்டாலும் சரி, நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்குக் காய்ச்சலின் எத்தனையாவது நாள்? அது தெரியாமல் எந்தப் பரிசோதனை நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நாள். உடம்பு சுட ஆரம்பித்த நாளை முதல் நாளாக எண்ண வேண்டும். பலர் டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். "நேத்துதான் காய்ச்சல்" என்பவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், முந்தாநாள் சாயங்காலமே உடம்பு வலித்தது, ராத்திரி போர்வை தேடினேன் என்பார். ஒரு நாள் தவறினாலும் ரிசல்ட்டின் அர்த்தமே மாறிவிடும்.

கேள்வி. என்ன கிருமி என்பது ஒரு கேள்வி. வைரஸா, பாக்டீரியாவா என்பது இன்னொன்று. நோய் கடுமையாகப் போகிறதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பரிசோதனை விடை சொல்லாது. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

பயன். ரிசல்ட் வந்தபின் சிகிச்சை மாறுமா? டெங்கு வைரஸைக் கொல்ல இன்றுவரை தனி மருந்து கிடையாது. பாசிட்டிவ் ஆனாலும் நெகட்டிவ் ஆனாலும் பாராசிட்டமால், நீர்ச்சத்து, கண்காணிப்பு, இவ்வளவுதான். ஆனால் கடுமை தெரிந்தால் சிகிச்சை மாறும்.

செலவு. லேப் பில் மட்டும் செலவு கிடையாது. கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி, பஸ், தப்பான ரிசல்ட்டால் வாங்கும் தேவையில்லாத மருந்து எல்லாம் கணக்கில் வரும்.

| பரிசோதனை | எதை எடுப்பார்கள் | எந்தக் கேள்விக்கு | ஏற்ற நாள் | செலவு |
|---|---|---|---|---|
| சிபிசி | ரத்தம் | கடுமை | 3ஆம் நாளிலிருந்து, திரும்பத் திரும்ப | குறைவு |
| என்எஸ்1 | ரத்தம் | டெங்குவா | 1 முதல் 5 வரை | நடுத்தரம். அரசு மருத்துவமனையில் இலவசம் |
| டெங்கு ஐஜிஎம் | ரத்தம் | டெங்குவா | 5க்குப் பிறகு | அதே |
| சிஆர்பி | ரத்தம் | வைரஸா, பாக்டீரியாவா (ஓரளவு) | 2ஆம் நாளிலிருந்து | குறைவு முதல் நடுத்தரம் |
| புரோகால்சிடோனின் | ரத்தம் | பாக்டீரியா தொற்று கடுமையா | ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் | அதிகம் |
| ஃபெரிட்டின், டி-டைமர் | ரத்தம் | கடுமை (ஓரளவு) | ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் | அதிகம் |
| பிசிஆர் | மூக்கு, தொண்டை, ரத்தம் | என்ன வைரஸ் | முதல் வாரம் | அதிகம் |

## சிபிசி: கடுமையைச் சொல்லும் மலிவான தாள்

சிபிசியை எல்லோரும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) பார்க்கத்தான் எடுக்கிறார்கள். தாள் கைக்கு வந்ததும் விரல் நேராக அந்த வரிக்குப் போகும். 90,000 என்று இருந்தால் வீடே பதறும். ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைவதால் கிடையாது. ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வெளியே கசிவதால்தான். கசிந்தால் உள்ளே ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டும் வரி பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. சில தாள்களில் ஹெமட்டோக்ரிட் அல்லது எச்சிடி என்று இருக்கும்.

ஒருவரின் வழக்கமான பிசிவியைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் சிக்கலே இங்கேதான். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 9 என்றால் பிசிவி சுமார் 27 இருக்கும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் தோராயமாக வருவதுதான் பிசிவி. காய்ச்சலின் ஐந்தாம் நாள் அவருக்கு 33 வருகிறது. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்றே அச்சாகி வரும், ஏனென்றால் லேப் வைத்திருக்கும் இயல்பு அளவு 36க்கு மேல். பார்ப்பவர்கள் "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். உண்மையில் 27லிருந்து 33 என்பது 22 சதவீத ஏற்றம். அந்தப் பெண் அன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

அதனால் பழைய தாள் முக்கியம். போன வருடம் எடுத்த சிபிசியோ, கர்ப்பிணி என்றால் தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபினோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள். எதுவும் இல்லையென்றால் காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்த சிபிசியே அடிப்படையாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, "மூணாம் நாளே சிபிசி எதுக்கு, எல்லாம் நார்மலாத்தான் வரும்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நார்மலாக வருவதுதான் அதன் பயன்.

மறைந்திருக்கும் செலவு: ஒரு முறை எடுத்தால் போதாது. நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை தினமும் தேவைப்படலாம். அதுவும் ஒரே லேபில், ஏனென்றால் மெஷினுக்கு மெஷின் எண் மாறும். பிளேட்லெட் ட்யூபிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்து எண்ணும். திடீரென்று 30,000 என்று வந்து ஆள் தெம்பாக இருந்தால், ஸ்லைடில் ஒரு முறை கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதைவிடப் பெரிய செலவு பதற்றம். ஐம்பதாயிரத்தைப் பார்த்ததும் கார் பிடித்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடி, பிளேட்லெட் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போகாதவரை முன்னெச்சரிக்கையாக ஏற்றத் தேவையில்லை என்பதுதான் இந்திய அரசின் டெங்கு வழிகாட்டி சொல்வது. அந்தக் காரோட்டத்தில் பிசிவியை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று: பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாவற்றிலும் குறையும். கடைசியாகச் சொன்னது சித்தேரி, தேன்கனிக்கோட்டை போல மலையும் காடும் ஒட்டிய பகுதிகளில் ஆடு மேய்ப்பவர்களும் புல் அறுப்பவர்களும் மறக்கக் கூடாத நோய். புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியா தொற்று அது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கே அது பெரும்பாலும் கட்டுப்படும். டெங்கு என்று நினைத்துக் காத்திருந்தால் நுரையீரல் வரை போகலாம்.

## டெங்கு என்எஸ்1: கார்டா, எலிசாவா

என்எஸ்1 வைரஸின் ஒரு புரதம். உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும் முன்பே ரத்தத்தில் தெரியும் என்பதால் முதல் நாளிலிருந்தே பார்க்கலாம். ஐந்தாம் நாளைத் தாண்டினால் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். ஐஜிஎம் எதிர்ப்பொருள் இதற்கு நேர் எதிர். மூன்று முதல் ஐந்து நாளில் பாதிப் பேருக்கும், பத்தாம் நாளுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம்மும் எட்டாம் நாளில் என்எஸ்1ம் மட்டும் எடுப்பது காசைத் தண்ணீரில் போடுவது.

கார்டு இருபது நிமிடத்தில் முடியும். வசதி அதுதான். குறை என்னவென்றால், கார்டு நெகட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது. ஏற்கனவே ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்கு, பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1ஐப் பிடித்து மறைத்துவிடும். இது அரிதான விஷயமில்லை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-18ல் எடுத்த நாடு தழுவிய ஆய்வில், தென்னிந்தியாவில் 5 முதல் 45 வயது வரையிலானவர்களில் 76.9 சதவீதம் பேருக்கு டெங்கு வந்து போனதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. பலருக்கு வந்ததே தெரியாது. கடுமையாகப் போகும் வாய்ப்பு அதிகமுள்ள இரண்டாம் தொற்றில்தான் கார்டு அதிகம் ஏமாற்றுகிறது.

லேபில் தட்டில் வைத்து எதிர்ப்பொருளையோ புரதத்தையோ பார்க்கும் எலிசா இன்னும் நம்பகமானது. அரசுக் கணக்கில் டெங்கு உறுதி என்று எழுத எலிசா தேவை; கார்டு பாசிட்டிவ் 'இருக்கலாம்' என்ற கணக்கில்தான் வரும். ஆனால் எலிசா தட்டில் 96 குழிகள். ஒருவருக்காக மட்டும் ஓட்ட மாட்டார்கள், மாதிரிகள் சேர்ந்தபின் ஓட்டுவார்கள். ரிசல்ட் மறுநாள் ஆகலாம்.

ஐஜிஎம்முக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு முறை வந்தால் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் நிற்கும். ஆடி மாதம் டெங்கு வந்தவருக்குப் புரட்டாசியில் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம்.

என்எஸ்1 எப்போது நல்ல தேர்வு? வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, முதியவர் யாருக்காவது காய்ச்சல் என்றால். அல்லது தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்து, பேர் தெரிந்தால் ஊராட்சி அசையும் என்றால். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்கும் டிரம்களும் சிமென்ட் தொட்டிகளும் மூடாமல் கிடக்கிற தெருவில், ஒரு உறுதியான ரிசல்ட் மற்ற வீடுகளையும் காப்பாற்றும். மற்றபடி இருபத்தைந்து வயது ஆரோக்கியமான ஆள், இரண்டாம் நாள் காய்ச்சல், வாந்தி இல்லை, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார் என்றால், அந்தக் காசில் நாளை மறுநாள் இன்னொரு சிபிசி எடுப்பது மேல்.

## சிஆர்பியும் புரோகால்சிடோனினும்: ஆன்டிபயாடிக் வேண்டுமா

கிருமி வந்ததும் கல்லீரல் சுரக்கும் புரதம் சிஆர்பி. ஆறேழு மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். பாக்டீரியா தொற்றில் அதிகம் ஏறும், வைரஸில் பொதுவாகக் கொஞ்சம். 'பொதுவாக' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: இன்ஃப்ளூயன்சா, அடினோவைரஸ், கொரோனா மூன்றும் சிஆர்பியை நன்றாகவே ஏற்றும். பிரிட்டனில் நெஞ்சுச் சளிக் காய்ச்சலுக்கு வகுத்த அளவில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம், 100க்கு மேல் என்றால் கொடுக்கலாம். நடுவில் இருப்பவருக்கு டாக்டரின் கையும் கண்ணும்தான்.

தாளில் அலகைப் பாருங்கள். சில லேபில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும், சிலதில் டெசிலிட்டருக்கு. ஒரு லேபில் 4.8 என்று வந்ததும் இன்னொரு லேபில் 48 என்று வந்ததும் ஒன்றேயாக இருக்கலாம். இதைப் பார்க்காமல் "நேற்று 4.8, இன்று 48, பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று அழுதவர்கள் உண்டு.

புரோகால்சிடோனின் இன்னும் கூர்மையானது. வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் அதை அடக்கி வைப்பதால், வைரஸ் காய்ச்சலில் அதிகம் ஏறாது. மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே என்றால் கடுமையான பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு, 0.5க்கு மேல் என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மலேரியாவிலும் சிறுநீரகக் கோளாறிலும் இது ஏறும். விலை சிபிசியைப்போலப் பல மடங்கு. ஐசியூவில் ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று பார்க்க இது அருமையான கருவி. வீட்டில் படுத்திருப்பவருக்கு இதை எழுதினால், ஏன் என்று கேட்கலாம்.

## ஃபெரிட்டின், டி-டைமர்

ஃபெரிட்டின் இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம், டி-டைமர் ரத்தக்கட்டி கரையும்போது வரும் துணுக்கு. கொரோனாவுக்குப் பிறகு இந்த இரண்டு பெயரும் எல்லார் வாயிலும் புகுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு நோய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க உதவும், உண்மைதான். ஃபெரிட்டின் பல்லாயிரத்தில் போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நிலையை டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். ஆனால் எந்தக் காய்ச்சலிலும் ஃபெரிட்டின் ஏறும். டி-டைமர் வயதானால் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ஆபரேஷன் ஆனால் ஏறும். வீட்டில் இருப்பவர் தானாகப் போய் எடுத்தால் கிடைப்பது பயம்தான். சளி, இருமலோடு வரும் காய்ச்சலில் கடுமை பார்க்க விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் போதும். ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து காட்டினால் ஆஸ்பத்திரி.

## பிசிஆர்: மூக்கு, எச்சில், சிறுநீர்

வைரஸின் மரபுப்பொருளையே பிடிப்பதால் பேர் சொல்லும் வேலையில் இதை மிஞ்ச ஆளில்லை. டெங்குவில் நான்கு வகையில் எது என்றுகூடச் சொல்லும். சிக்குன்குனியாவுக்கு முதல் வாரத்தில் இதுதான் ஏற்றது. ஆனால் கடுமையைச் சொல்லாது. கொரோனா சமயத்தில் "சிடி அளவு 16, ரொம்ப சீரியஸ்" என்று சுற்றிய பேச்சு ஞாபகம் இருக்கும். வைரஸ் தெரிய மெஷின் எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்ற எண்தான் சிடி. அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்று 2020லேயே ஐசிஎம்ஆர் சொல்லிவிட்டது. சளியை எப்படி எடுத்தார்கள், எந்த கிட் என்பதைப் பொறுத்தே அது மாறும்.

பன்றிக்காய்ச்சலில் லேசான அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை என்பது அரசு வகுத்த முறை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி என்று போனால் தேவை. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும் என்பதால், ஆபத்தானவர்களுக்கு டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமலே ஆரம்பிப்பார்.

ஊசி குத்தாமல் எச்சிலில், சிறுநீரில் பார்க்க முடியாதா என்று குழந்தை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். டெங்கு வைரஸ் இரண்டிலும் இருக்கும். ரத்தத்தில் மறைந்த பிறகும் சில நாள் சிறுநீரில் கிடைக்கும். ஆனால் ஆரம்ப நாட்களில் ரத்தம் அளவுக்கு நம்ப முடியாது. நம் ஊர் லேபில் இது சாதாரணமாகக் கிடைக்கும் பரிசோதனையும் இல்லை. எம்எக்ஸ்ஏ, டிரெயில் போன்ற, வைரஸ் தொற்றில் உடம்பில் கூடும் புரதங்களை சிஆர்பியோடு சேர்த்துப் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று சில நிமிடங்களில் சொல்லும் கருவிகள் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டன. இங்கே தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தால் சிஆர்பி பற்றி மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளலாம்.

## ஃபீவர் பேனல்

சிபிசி, வைடால் (டைஃபாய்டு எதிர்ப்பொருள் பார்ப்பது), மலேரியா, டெங்கு கார்டு, யூரின் எல்லாம் ஒரே விலையில். தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு என்பது சரிதான். ஆனால் அதில் உள்ள வைடால் இருக்கிறதே, அதுதான் பில்லை ஏற்றும். முன்பு டைஃபாய்டு வந்தவருக்கும் தடுப்பூசி போட்டவருக்கும் அது பாசிட்டிவ் காட்டலாம். ஒரே ஒரு வைடாலை வைத்து டைஃபாய்டு என்று சொல்லவே முடியாது. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர்தான் சரி. வைரஸ் காய்ச்சலோடு வந்தவர் 'டைஃபாய்டும் சேர்ந்திருக்கு' என்று பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டு போவது இப்படித்தான். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் காரணம் தெரியவில்லை, டாக்டரே எழுதிக் கொடுக்கிறார் என்றால் பேனல் எடுக்கலாம். முதல் நாளில் வேண்டாம்.

## எங்கே எடுப்பது

2008ல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இரண்டின் ஆஸ்பத்திரிகளிலும் செலவில்லாமல் பார்க்கலாம். வரிசையும் காத்திருப்பும் உண்டு. தனியார் லேபில் ஒரு மணி நேரத்தில் தாள் வரும், ஆனால் அதைப் பார்த்து முடிவு சொல்ல டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். டவுனில் இருப்பவர் தினசரி சிபிசியைப் பக்கத்து லேபில் எடுத்து டாக்டரிடம் காட்டுவது நல்ல ஏற்பாடு.

அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நான்காம் நாளிலிருந்து தினமும் பஸ் பிடித்து இறங்கி ஏறுவதைவிட, காய்ச்சல் விடும் அந்த இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவது செலவும் குறைவு, பாதுகாப்பும் கூட. காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு" என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் டெங்குவில் பெரிய ஆபத்து. பிளாஸ்மா கசிவது பெரும்பாலும் அப்போதுதான். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ ஐபுபுரூஃபனோ கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். வயிற்றில் விடாத வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்து மயங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் எந்த லேபுக்கும் போக வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, இருக்கிற பழைய சிபிசி தாளை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.